வளிக்கு ஒரு பில்

பஞ்சிகாவத்தையில்
வளிக்குப் பில் எழுதுகிறேன்.
பத்து மணிக்கு முன்னமே
தகரம் கொதிக்கத் தொடங்கிவிடும் கடை.
மூலையில் அலுமாரி உயரத்துக்கு
நைதரசன் மெஷின்.
நாள் முழுக்கப் பெருமூச்சு விடும்,
தானே கடன்பட்டது போல.

"நைதரசன், நாலு சில்லு" என்று எழுதி
அறுநூறு போட்டு
கீழே ஒரு கோடு இழுப்பேன்.
முன்னால் நிற்பவர் தாளைப் பார்ப்பார்,
டயரைப் பார்ப்பார்.
வாங்கியது எங்கே என்று தேடும் கண்
வால்வின் பச்சை மூடியில் போய்
ஒருவாறு இளைப்பாறும்.

"மிஸ், உண்மையச் சொல்லுங்க.
பிரயோசனம் இருக்கா?"

முதலாளி ரிஸ்மி பழக்கிய பதில் இருக்கிறது.
வெயிலில் அமுக்கம் ஏறாது,
ரிம் கறள் பிடிக்காது,
டயர் கனகாலம் உழைக்கும்.
ஓ.எல். விஞ்ஞானத்தில் நான் எடுத்த சி
உள்ளுக்குள் இருமும்:
சூடு பட்டால் எந்த வளியும் உப்பும்.
நூறு பங்கு வளியில்
எழுபத்தெட்டு முன்னமே நைதரசன்.
மருதானைப் புகையோடு சேர்த்து
எல்லாரும் சும்மா இழுப்பதும் அதைத்தான்.
நாங்கள் விற்பது மேலே ஒரு பதினேழு பங்கு.
அதுவும் மெஷின் நல்ல மனநிலையில் இருந்தால்.

பிராடோக்காரர்கள் கேட்பதில்லை.
கண்ணாடியை அரைவாசி இறக்கி
நாலு விரல் காட்டுவார்கள்.

ஓட்டோ மகேசன் சிரிப்பான்.
"என்ட மூண்டுக்கும் காத்துப் போதும்.
ஆனா அளவ மட்டும் பார்த்துச் சொல்லச் சொல்லு,
செட்டில இருக்கிற மீட்டர் பொய் சொல்லுது."
அளவு பார்க்கக் குனிந்த நுவன்
பின் சில்லில் ஓர் ஆணியோடு நிமிர்ந்தான்.
அதற்கு என்னிடம் விலை இல்லை.

பொரளையிலிருந்து பிரேத வண்டி கொண்டுவரும் பெனடிக்
மாதா மாதம் தவறமாட்டார்.
ஒருநாள் நானே கேட்டேன், உங்களுக்கு எதுக்கு என்று.
"ஓடுறதவிட நிக்கிறதுதான் கூட, பிள்ளை.
நிக்கிற வண்டியிலதான்
காத்து ஆருக்கும் தெரியாமப் போகும்."
பிறகு, மிச்சக் காசை எண்ணிக்கொண்டே,
"உள்ள படுத்திருக்கிறவருக்குக் குலுக்கம் விளங்காது.
பின்னால வாற சனம் பார்க்கும்."

பெற்றோல் வரிசைக் காலம்.
புது டயருக்கு ஆனை விலை, குதிரை விலை.
காலி வீதி ஓரம்
கார்கள் நாட்கணக்கில் நின்று
சில்லு சப்பிப்போன மாதங்கள்.
நைதரசன் ஆகக் கூட விற்றது
அப்போதுதான்.
மச்சானும் தானுமாய்
ஒருவர் காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்,
தாங்கியில் ஒரு சொட்டு இல்லை.
"டயராவது இருக்கட்டும்" என்றார்.
பிரயோசனமா என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
அன்றைக்கு ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

நேற்று, ஷட்டர் பாதி இறங்கிய பிறகு
வெள்ளி நிற ஆல்டோ ஒன்று.
சனிக்கிழமை விற்கப் போகிறாராம்.
"நைதரசன் வேணாம்.
அந்தப் பச்சை மூடி மட்டும்
நாலு தருவீங்களா?
வாங்க வாறவன் குனிஞ்சு பார்ப்பான்."

ரிஸ்மி என்னைப் பார்த்தார்.
நான் பேனையைப் பார்த்தேன்.
விலைப் பட்டியலில் மூடி இல்லை.
"ஒண்டு அம்பது போடுங்க" என்றார் கடைசியில்.
எழுதினேன்: மூடி, 4.
இவ்வளவு நாளில்
கையில் எடுத்துக் கொடுக்கக்கூடிய ஒன்றுக்கு
நான் எழுதிய முதல் பில்.

அவரே குந்தியிருந்து
ஒவ்வொன்றாய் இறுக்கினார்,
பொட்டு வைப்பதுபோலக் கவனமாய்.
பின் இடது சில்லு
கொஞ்சம் இறங்கியிருந்தது.
நுவன் குழாயை இழுத்துக்கொண்டு வந்தான்.

"அதுக்கு எவ்வளவு?" என்று
பொக்கற்றில் கைவைத்தார் மனிதர்.

"அதுக்குச் சல்லி இல்ல, மாத்தயா" என்றான் நுவன்
தன் அரைத் தமிழில்.
"அது சும்மா காத்து."